பாடி வர ரெண்டு நாளாகும்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை பக்கத்து அறையில் அப்பா இருமுகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே எழுதுகிறேன். அவர் உயிரோடு இருக்கிறார், காபியில் சர்க்கரை போதவில்லை என்று முணுமுணுக்கிற அளவுக்குத் தெம்பாகவும் இருக்கிறார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் நீ என்னை ஒரு வார்த்தை முழுதாகப் பேசவிடவில்லை. காரை வித்துடு, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதே என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் உன் சித்தியின் கூத்து. காரில் விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம், பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பெயர். பட்டறையில் அவ்வளவு நீளத்துக்கு யார் சொல்வார்கள், பாடி என்று சுருக்கிவிடுகிறார்கள். நம் கார் பட்டறையில் கிடந்ததால் அன்றைக்கு நான் அப்பாவை வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், துணைக்கு வந்திருந்த சித்தி மட்டும் வீட்டில். கார் எலக்ட்ரீஷியன் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு, அம்மாகிட்ட சொல்லிடுங்க, பாடி தண்ணியில ஊறிப்போச்சு, பாடி வர ரெண்டு நாளாகும், வந்ததும் கூப்பிடுறேன் என்றிருக்கிறார். அவ்வளவுதான், இவள் அலறி அடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன் எப்படித் தண்ணீரில் ஊறினார் என்று ஒரு கேள்வி தோன்ற வேண்டாமா? முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் நான், ஊராருக்கெல்லாம் சேதியைச் சரியாகச் சேர்த்தேன், என் வீட்டுச் சேதி இப்படிப் போய்ச் சேர்ந்தது. நான் வீடு திரும்பி உன்னைக் கூப்பிடுகிற வரைக்கும், அந்த அரை மணி நேரம் அங்கே நீ தனியாக என்ன பாடுபட்டாயோ.

இனி நடந்ததைச் சொல்கிறேன், எதையும் மறைக்காமல். கார் ஒரு மாதமாகவே பேய் பிடித்த மாதிரிதான் இருந்தது. வெயிலில் வைப்பர் ஆடும், இண்டிகேட்டரைப் போட்டால் உள்விளக்கு எரியும், நிறுத்திவிட்டு நடந்தால் கதவு தானே பூட்டித் தானே திறக்கும். பேட்டரி பழசு என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து அசட்டையாக விட்டுவிட்டேன். சித்தியின் கூத்துக்கு முந்தின நாள் அப்பாவுக்குக் கைகால் பயிற்சி முடித்துவிட்டு வருகிற வழியில் மருந்துக்கடை முன்னால் நிறுத்தினேன். உச்சி வெயில். அவர் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல், சாவியையும் அதிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். கடையில் நல்ல கூட்டம், கண்ணாடிக் கதவு வேறு சாத்தியிருந்தது. என் முறை வருகிற நேரத்தில் வெளியே ஒரு ஹாரன் சத்தம், விடாமல், லாரி அலறுகிற மாதிரி. எவனுக்கு இவ்வளவு கொழுப்பு என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லும்போதே எனக்குச் சுரீர் என்றது. அது நம் ஹாரன். போன வருடம் நீ மாட்டிவிட்டுப் போனாயே, ஊரையே எழுப்பும், இதைத் தொடவே கூடாது என்று நான் தடை போட்டேனே, அதே ஹாரன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் இன்ஜின் நின்றிருந்தது. நாலு கதவும் பூட்டியிருந்தன, கண்ணாடி நாலும் ஏறியிருந்தன. அப்பா சட்டையெல்லாம் நனைந்து, முகம் செங்கல் நிறத்தில், இடது கையால் ஊன்றுகோலை முன்பக்கம் நீட்டி, கியருக்குப் பக்கத்தில் நீ வைத்த அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, மூடிய காருக்குள்ளிருந்து எனக்கா கேட்கப்போகிறது? கைப்பிடியை இழுக்கச் சொல்லிக் கத்தினேன், இழுத்தார், கதவு அசையவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது, சின்னப்பிள்ளை ஓடுகிற காரில் கதவைத் திறந்துவிடுமே என்று பின்கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி குழந்தைப் பூட்டைப் போட்டேன். அவள் ஊருக்குப் போய் நாலு மாதமாகிறது, நான் எடுக்கவே இல்லை. போட்டவள் நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. எதிர்ச்சாரி டயர் கடைக்காரர் வீல் ஸ்பேனரோடு ஓடிவந்து முன்கதவுக் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டு உடைத்துத் திறந்தார். அப்பாவை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, விசிறி, அவர் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் டயர் கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். மறுநாள் டாக்டரும் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

எலக்ட்ரீஷியனுக்குப் பட்டறையில் மின்னல் என்று பட்டப்பெயர், ஒரு ஸ்குரூ கழற்ற அரை நாள் எடுப்பார். ஆனால் வேலை சுத்தம். நான் பேட்டரி என்றேன், அவர் மீட்டரை வைத்துக் காட்டினார், பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினார், அதிலும் குறையில்லை. பிறகு கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினார், இன்ஜின் பதில் சொன்னது, பிரேக் பதில் சொன்னது, இந்தப் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. மறுநாள் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தரை விரிப்பைத் தூக்கினாராம், அடியில் சதசதவென்று ஈரம். டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து பெட்டியைக் கழற்றிப் பிரித்தால் ஒயர் சொருகுகிற பின்னெல்லாம் களிம்பேறிப் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடந்ததாம், அதைத்தான் போனில் சொல்லியிருக்கிறார். வேற ஆளா இருந்தா பெட்டியை மாத்தி அனுப்பிடுவாங்கம்மா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்காம மாத்தினா புதுசும் போயிடும் என்று சாயங்காலம் நான் போனபோது சொல்லிவிட்டு, முன்கண்ணாடி மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றி, உள்ளே டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இன்ஜின் பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு ஒயர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, பெட்டி இருந்த இடத்தில் விழுந்தது. அது உன் ஹாரன் ஒயர். அதை உள்ளே இழுக்க, இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருந்த ஓட்டையின் ரப்பர் மூடியை நீ பிடுங்கியிருக்கிறாய், திரும்ப அடைக்கவில்லை.

அவன்கிட்ட சொல்லாதே என்றார் அப்பா, இரண்டே வார்த்தை, அதுவும் திணறித் திணறி. ஆனால் உனக்குத் தெரியாமல் வைத்து, என்றைக்காவது சித்தி வாயிலிருந்து நீ கேட்டால் அது இதைவிட மோசமாக இருக்கும். முழுக்கச் சொல்கிறேன், கேள். அந்தப் பெட்டி செத்த நேரத்தில் காரின் சொந்த ஹாரனும் செத்துவிட்டதாம், எல்லாம் அதன் உத்தரவில் ஓடுவது. உன்னுடையதை நீ பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தாய், அதனால் அது ஒன்றுதான் வேலை செய்தது. பெட்டியைக் கெடுத்ததும் அந்த ஒயர்தான், உன் அப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்ததும் அந்த ஒயர்தான். இதில் பாதியை மட்டும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மின்னல் அந்த ஹாரனைக் கழற்றப் போனபோது அப்பா ஊன்றுகோலால் அவர் கையைத் தட்டிவிட்டார். ஓட்டையை மட்டும் அடைத்திருக்கிறது.

புதுப் பெட்டி வந்து மாட்டியாகிவிட்டது. குழந்தைப் பூட்டை என் கையாலேயே எடுத்துவிட்டேன், சாவியைக் காரில் விட்டு இறங்குவதில்லை. காரை விற்கமாட்டேன். அதில்தான் அவர் வாரத்துக்கு மூன்று நாள் வெளியுலகத்தைப் பார்க்கிறார். நேற்று பயிற்சிக்குக் கிளம்பும்போது உள்ளே ஏறப் பயப்படுவாரோ என்று எனக்குத்தான் கவலை. அவர் பின்கதவைத் தாண்டி நடந்து, காலைத் தூக்க முடியாமல் தூக்கி, முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கை அந்தச் சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது. மூன்று தடவை அடித்தார், ஒரு தடவைகூட அவசியமில்லை.

உன் உடம்பும் மனசும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. சித்திக்கு ஒரு போன் போடு, மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றை மறந்துவிட்டேன். புதுப் பெட்டிக்குச் சாவியை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அதற்கு யாரையும் தெரியாது. என்னிடம் இருந்த சாவியைச் சேர்த்துவிட்டார். போகும்போது நீ பையில் தெரியாமல் எடுத்துப்போனாயே, அந்த இரண்டாவது சாவி இனி கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. காரும் சாவியும் ஒரே இடத்தில் இருந்தால்தான் சேர்க்க முடியும் என்கிறார். தபாலில் அனுப்பிவிடாதே. நீயே கொண்டு வா.

இப்படிக்கு,
இன்னும் கார் ஓட்டுகிற
உன் அம்மா