மன்னிப்புக் கேட்கக் கூடாதாம்

நவம்பர் 8, திங்கள்

மழை. இவரின் லோயர் கந்தோரில் ஹீட்டர் இன்றைக்கும் மக்கர். கோட்டோடே இருந்து டைப் அடித்தேன்.

மத்தியானம் இவர் உள்ளே கூப்பிட்டார். முகத்தில் இரத்தமில்லை. குலம் அண்ணையின் ஈஸ்ட் ஹாம் கடை லீஸைப் புதுப்பிக்கக் கோர்ட்டில் போட வேண்டிய விண்ணப்பம். தவணை கடந்துவிட்டது. இவர் மறந்துபோனாராம். இனிக் கட்டடச் சொந்தக்காரன் வெளியே போ என்றால் போக வேண்டியதுதான். நாங்கள் லண்டன் வந்த குளிரில் கடைக்கு மேலே அறை தந்து, வாடகை கேட்காமல் வைத்திருந்த மனிசன்.

"வாங்கோ, இப்பவே போய்ச் சொல்லுவம்" என்றேன்.

"ஏலாது. முதல்லை எங்கடை தொழில் இன்சூரன்ஸுக்குச் சொல்லவேணும்."

நவம்பர் 10, புதன்

இன்சூரன்ஸ்காரரின் லோயர் வந்தான். பிஸ்கட் தட்டைக் காலி பண்ணினான். குலம் அண்ணை நஷ்டஈடு கேட்டால் அவர்கள் கட்டுவார்களாம். ஆனால் எங்கள் பிழை என்று கந்தோரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மன்னிப்பும் கேட்கக் கூடாது. வாயாலும் சரி, எழுத்தாலும் சரி. மீறினால் அவர்கள் கையை விரிக்கலாம். பிறகு எங்கள் நோர்பரி வீட்டை விற்றுத்தான் நாங்கள் கட்ட வேண்டும்.

"டைப்பிஸ்டுக்கும் இது பொருந்தும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். டைப்பிஸ்டாம். கக்கூஸ் கழுவுவதும் நான்தான்.

அவன் போன பிறகு இவரிடம் கேட்டேன்: "வருசா வருசம் இவ்வளவு பிரீமியம் கட்டுறது வாயைப் பொத்திக்கொண்டிருக்கவோ?"

"உமக்கு எல்லாம் பகிடி."

பகிடியாம்! நான் சிரிக்கவா செய்தேன்?

வாங்க வேண்டியது: பால், டைப் ரிப்பன், இவரின் பிரஷர் குளிசை.

நவம்பர் 13, சனி

குலம் அண்ணைக்கு நேற்றுப் போன கடிதம் நான் அடித்தது. வேறு லோயரிடம் ஆலோசனை பெறவும். இரண்டே வரி. காரணம் இல்லை.

காலையில் அண்ணை எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, அவர் ஏன் என்னோடை கதைக்கிறாரில்லை? நான் ஏதும் கடதாசி பிந்தித் தந்திட்டனோ?"

அவர் வெளியே போய்விட்டார் என்றேன். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். தூ.

நவம்பர் 19, வெள்ளி

குலம் அண்ணையின் மனைவி பவளம் அக்காவின் தாய் மானிப்பாயில் மோசம் போய்விட்டா. ஊரில் யுத்தம். போக வழியில்லை. ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குத்தான் சனம் போய்த் துக்கம் விசாரிக்கிறது.

இவர்: "நாங்கள் போகக் கூடாது. அங்கை கடைக் கதை வரும்."

"செத்தவீட்டுக்கும் வராத ஆக்கள் எண்டு பேர் எடுக்கவோ?"

"வீடு போனாப் பிறகு பேரை வைச்சு என்ன செய்யிறது?"

சோறு சமைத்தேன். நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 20, சனி

போனேன். இவருக்குச் சொல்லவில்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் தாமதம், நிற்க மட்டும் இடம். வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: எங்கடை பிழை அக்கா, அண்ணையிலை ஒரு குற்றமும் இல்லை. வீடு போனால் போகட்டும்.

என்னைக் கண்டதும் குலம் அண்ணை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். பவளம் அக்கா கட்டிப்பிடித்து அழுதா. நானும் குழறி அழுதேன். அவவின் காதோடு, "அக்கா, அந்தக் கடை விஷயம்..." என்று தொடங்கினேன்.

டக்கென்று என் வாயைப் பொத்தினா.

"சொல்லாதை பிள்ளை. எங்களுக்கு எல்லாம் தெரியும். உங்கடை வாயாலை ஒண்டும் வரக் கூடாதெண்டு புது லோயர் சொன்னவன். வந்தா இன்சூரன்ஸ்காரன் காசு தரமாட்டானாம். அது வராட்டி நாங்கள் நடுத்தெருவிலை."

ஆரோ தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். செத்தவவைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

வாசல் வரை வந்தா. "கேஸ் முடியுமட்டும் இஞ்சை வராதை."

எவ்வளவு காலம் இழுக்கும் என்று கேட்டேன்.

"அது உன்ரை மனுசனுக்கெல்லோ தெரியும்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினா.