பொய் சொல்லாமல் கார் விற்பது

1983, ஆடி 20, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். ஜமுனாமரத்தூர் முழுக்க மூட்டம், எதிர் வீடு தெரியவில்லை. காருக்குள் தண்ணீர். சொம்பால் நூறு முறை மொண்டு ஊற்றினேன். இல்லை, இருபது இருக்கும். மேல்துணி கிழிந்ததால் வந்த வினை.

மேல் திறந்த சீமைக் கார் இந்த மலையில் என் ஒருவனிடம்தான். சிவப்பு. இரண்டே சீட்டு. பந்தயத்தில் ஓடியது. ஒரு ராஜா ஆசையாகக் கொடுத்தார் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். வேலூரில் ஏலத்தில் எடுத்தது. ராஜா ஒரு தடவை உட்கார்ந்தும் இருக்கலாம், யார் கண்டது.

என் சம்சாரம் சாலம்மா ஊருக்குப் போய்ப் பதினோரு நாள். டீக்கடைக்காரி கேட்கிறாள், "இன்னா கார் மாமா, கல்யாணமாயி இருவது வருசம் கழிச்சி பொண்டாட்டி ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போய்ட்டாளாமே?" "இன்னும் புதுப் பொண்ணுன்னு நெனப்பு அவளுக்கு" என்றேன். கடையே சிரித்தது. நானும்.

சாமை விதைக்க ஆள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சோறு குழைந்துவிட்டது.

ஆடி 21, சனி

முதல் பஸ்ஸில் கண்ணமங்கலம். மச்சான் ஏழுமலை வீடு. சாலம்மா ஒரு கையால் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்குகிறது.

நடந்ததை இங்கேயாவது எழுதுகிறேன். பிரேக் சரியாகிவிட்டது, மெட்ராஸ் மெக்கானிக் வந்து பார்த்தான் என்று அவளிடம் சொன்னேன். எவனும் வரவில்லை. நானே கம்பி போட்டுக் கட்டினேன். மலை இறக்கத்தில் கம்பி விட்டது. வண்டி பாறையில் உரசி நின்றது. அவள் மணிக்கட்டு போச்சு.

அதற்குக்கூட அவள் கோபிக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் நான், "ஒரு கையில ஸ்டேரிங்கு, ஒரு கையில பொண்டாட்டி, பல்லால ஹேண்ட் பிரேக்க இழுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் ஏறினவள்தான்.

"வூட்டுக்கு வா."

"வண்டி இன்னும் கீதா?"

"வித்துடறேன்."

"இன்னான்னு சொல்லி விப்ப? ராஜா குட்த்ததுன்னா?" மல்லாட்டையை விட்டுத் தலை தூக்கவில்லை. "ஒரு பொய் சொல்லாம வித்துட்டு வா. வாங்கனவன எங்கண்ணன் நேராக் கேக்கும். ஒண்ணே ஒண்ண மறைச்சிருந்தாலும் நான் வரமாட்டேன். ஆவணி பொறந்தா இங்கியே சத்துணவுல ஆயா வேல. பேரு குட்தாச்சி."

ஏழுமலை உள்ளேயிருந்து, "மச்சான் வயசையே இந்த வாட்டி சொன்னத அடுத்த வாட்டி சொல்ல மாட்டாரே, இதெங்க நடக்கப் போவுது?"

பொய் சொல்லி ஒருத்தரையும் கெடுத்ததில்லை நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைப் பார்த்தேன். பஸ் ஏறினேன்.

ஆடி 23, திங்கள்

மழை விட்டது. வண்டியின் குறைகள், உள்ளபடி:

பிரேக்: ஆயில் ஒழுகும். இப்போது புதுக் கம்பி. கம்பி கம்பிதான்.
ஹேண்ட் பிரேக்: பேருக்கு. சக்கரத்துக்குக் கல் வைக்கணும்.
முதல் கியர்: துள்ளி வெளியே வரும். முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளணும்.
மேல்துணி: சாக்கு வைத்துத் தைத்தது. (தைத்தது சாலம்மா.)
இடது கதவு: திறக்காது. தாண்டிக் குதிக்கணும்.
செல்ப்: எடுக்காது. தள்ளணும், இல்லை மேட்டில் நிறுத்தணும்.
வேக முள்: நின்றாலும் நாற்பது.
ஹாரன்: இடது பக்கம் திரும்பினால் தானாக அடிக்கும்.
ரேடியேட்டர்: மெதுவாகப் போனால் பத்து நிமிஷத்தில் கொதிக்கும். மூடி ஒரு தரம் பறந்து என் கை வெந்தது. சர்வீஸ் செய்தும் பயன் இல்லை.

ஒன்பது. எழுதி முடிக்க அரை நாள். பொய்யாக இருந்தால் ஒரு மூச்சில் எழுதியிருப்பேன்.

ஆடி 24, செவ்வாய்

ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்து பார்த்தார். ஒன்பதையும் ஒப்பித்தேன். முகம் மாறிவிட்டது. "சொந்த வண்டியப் பத்தி எவனாச்சும் இவ்ளோ சொல்வானா? சொல்லாத ஒண்ணு பெருசா கீது." போயே போய்விட்டார்.

உண்மைக்கு இந்த மரியாதை.

ஆடி 27, வெள்ளி

ஒடுகத்தூர் குணசேகரன் மத்தியான பஸ்ஸில் வந்தான். பந்தல், ரேடியோ செட் வைத்திருப்பவன். ஆவணியில் வரிசையாகக் கல்யாணமாம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேல் திறந்த கார் வேண்டுமாம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண் பளபளக்கிறது.

பிரேக்கைச் சொன்னேன். "ஊர்வலத்துல எவன் மாமா பிரேக் போடறான்? பேண்டு செட்டு நின்னா வண்டி நிக்கும்."

கதவைச் சொன்னேன். "நல்லதாப் போச்சி. மாப்ள எறங்கி ஓட மாட்டான்."

ஹாரனைச் சொன்னேன். "அடிக்கட்டுமே, கல்யாணந்தான?"

வேக முள்ளுக்கு விழுந்து விழுந்து சிரித்தான். எட்டு சொல்லியாயிற்று. "அவ்ளோதான மாமா?"

ஊர்வலம் என்றாலே நடை வேகம். மற்ற எட்டும் அவனுக்கு ஒரு குறையே இல்லை. ஒன்பதாவது, அந்த ரேடியேட்டர் ஒன்றுதான் அவனுக்குக் குறை.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். குடித்தான். முன்பணம் கொடுத்தான். ஞாயிறன்று டிரைவரோடு வருகிறானாம்.

ஆடி 28, சனி

சொல்லாமல் விட்டது பொய் ஆகாது. அவன் "அவ்ளோதான" என்று கேட்டான், நான் ஆமாம் என்று சொல்லவே இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன், வண்டி விலை போயிற்று, சாலம்மாவை வரச் சொல்லு என்று. வீடு கழுவினேன். அவள் தலையணையை வெயிலில் போட்டேன்.

ஊர்வலத்தில் காருக்கு முன்னால்தான் பிள்ளைகள் ஆடுவார்கள். மூடி முன்பக்கம்தான் பறக்கும்.

சாப்பிடவில்லை.

ஆடி 29, ஞாயிறு

ஒரே பஸ்ஸில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். குணசேகரன், அவன் டிரைவர், ஏழுமலை, சாலம்மா.

எல்லாக் குறையும் சொன்னாரா என்று ஏழுமலை கேட்டுவிட்டான். குணசேகரன், "எட்டு குற சொன்னாருங்க. மாமா மாதிரி ஞாயஸ்தன் கெடையாது." சாலம்மா என்னைப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்பு. பார்த்துப் பல மாசம் ஆகிற சிரிப்பு.

"ஒம்பது" என்றேன்.

ரேடியேட்டரைச் சொன்னேன். குணசேகரனுக்குச் சிரிப்பு. "போ மாமா, உன் கத தெரியாதா? எட்டுலயே நாலு நீ கட்டுன கதன்னு கழிச்சிட்டுத்தான் வந்தேன். வித்துட மனசில்லாம சொல்ற." டிரைவரும் சிரித்தான். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் கதை சொல்லி வளர்த்த வாய். இன்றைக்கு அதை ஒருத்தனும் நம்பவில்லை.

கடைசியில் நானே ஏறி உட்கார்ந்தேன். தள்ளச் சொல்லிக் கிளப்பினேன். யாரும் முன்னால் வராதீர்கள் என்று கத்திக்கொண்டே மைதானத்தை நடை வேகத்தில் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் புகை. அப்புறம் டம் என்று மூடி போயிற்று. பனைமரம் உயரம். இல்லை, வேப்பமரம்.

குணசேகரன் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாலம்மா, "இன்னும் வண்டி இங்கதான கீது" என்றாள். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாள். தலையணை வெயிலிலேயே கிடக்கிறது.

ஆடி 31, செவ்வாய்

ஆடியில் கடைசி நாள். ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் குணசேகரன் ஆள் அனுப்பினான். என்ஜினே வேண்டாமாம். சக்கரம் உருண்டால் போதும், நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொள்கிறானாம். பாதி விலை. ஆனால் மலையிலிருந்து அவன் ஆள் எவனும் இறக்க மாட்டானாம், "மாமாவே கொண்ணாந்து வுட்டா வாங்கிக்கிறேன்."

காலையில் வண்டிக்குப் பின்னால் இரண்டு சங்கிலி போட்டு ஒரு மரத்துண்டைக் கட்டினேன். லாரி ஓட்டிய காலத்து வித்தை. துண்டு தரையில் இழுபட்டால் வண்டி தறிகெட்டு ஓடாது. என்ஜினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் விட்டேன்.

மூன்றாவது வளைவில் சங்கிலியில் ஒன்று தெறித்தது. துண்டு ஒரு பக்கம் இழுத்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். ஓட்டுகிறவன் கண்ணை மூடினேன். வாய்விட்டு அழுதேன், சாலம்மா பேரைச் சொல்லி. ஒன்றும் செய்யவில்லை. வண்டியாகத்தான் மண்மேட்டில் ஏறி நின்றது. அப்புறம் கீழே வந்து சேரும் வரை அழுகை நிற்கவில்லை. மாடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள்.

குணசேகரன் ஒன்பது குறையையும் ஒரு தாளில் எழுதி, தெரிந்தே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். சட்டைப்பையில் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், மலைமேலிருந்து அந்த வண்டியை இறக்கினது நீங்களா, எப்படி இறக்கினீர்கள் என்று கேட்கிறார். வாய் வரைக்கும் வந்தது.

"பயந்துக்கினேதாங்க" என்றேன். அவர் பஸ் பலகையைப் படிக்கத் திரும்பிவிட்டார்.

வேலூர் பஸ் வந்துவிட்டது. அங்கே மாறினால் பொழுது சாய்வதற்குள் கண்ணமங்கலம். முதலில் தாளைக் காட்டுவதா, கண்ணை மூடியதைச் சொல்வதா