சுவருக்குள் அழுகிய தேன்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ரீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன். வாந்தி நின்றதா? நம் தெரு ஸ்டீபன்ராஜ் நாளை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் முறுக்கும் பருப்புப் பொடியும் மாவடுவும் கொடுத்து விடுகிறேன். உன் அப்பா சொன்ன தேன் அதில் இருக்காது, தேடாதே. ஏன் என்று போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்ட கையோடு இதைப் படிக்காதே, குமட்டும்.

உன் பேறுகாலத்துக்கு என்று ஒதுக்கிய பின்னறையில், ஓதம் ஏறிய சுவரை மறைக்க அப்பா பிளைவுட் பலகை அடித்தாரே, அந்த இடுக்குக்குள் பழைய ஏசி குழாய் போன ஓட்டை வழியாகத் தேனீ புகுந்து அடை கட்டிவிட்டது. பகலெல்லாம் ஒரே இரைச்சல். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி அத்தனையிலும் மஞ்சள் மஞ்சளாக எச்சம், கோயிலுக்குப் போடும் என் முக்காட்டை எத்தனை தரம் துவைத்தும் போகவில்லை. தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வந்து எடுத்துவிடுவார்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா? "வண்டி வந்து நின்னா தெருவே வேடிக்கை பார்க்கும், நானே பார்த்துக்கிறேன்" என்று, கத்தரித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தை வாங்கி வந்து ஓட்டைக்குள் பீய்ச்சி, சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, "பார்த்தியா, அம்புட்டும் காலி" என்று மார் தட்டினார். அந்த வாரமே தொடங்கியது நாற்றம். செத்த எலியையும் அழுகின பலாப்பழத்தையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்த மாதிரி. சுவிட்ச் பெட்டி வழியாகக் கருப்பாக எதுவோ வடிகிறது, எறும்பு சாரை சாரையாக வருகிறது, பலகை இடுக்கிலிருந்து புழு நெளிந்து உனக்காக விரித்த புது மெத்தையில் விழுகிறது. பக்கத்து வீட்டு மாயம்மாள், "தேனீ கட்டுனா வீட்டுக்கு நல்லதுக்கா, எனக்கு ஒரு சொம்பு குடுங்க" என்று கேட்டு வந்தவள், படியேறாமலே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். கடைசியில் அப்பா பலகையைப் பெயர்த்தார். அதை எப்படி எழுதுவேன்! அடை அடையாகத் தொங்குகிறது, பாதி உருகிப்போய். அடியில் செத்த தேனீக்கள் ஊறின கருஞ்சீரகம் போலக் குவியலாக, கண்ணறைகளுக்குள் வெள்ளைக் குஞ்சுகள் கூழாக. எனக்கு அங்கேயே வாந்தி. அன்று முதல் வெல்லப்பாகைக் கண்டால்கூடத் தொண்டைக்குள் எதுவோ நெளிகிறது.

அந்த அசிங்கத்திலும் உன் அப்பா, மேலே ஒரு அடை நன்றாக இருக்கிறது என்று பழைய வேட்டியில் வைத்துப் பிழிந்து ஊறுகாய் பாட்டில் நிறைய எடுத்து வைத்துக்கொண்டு, உனக்குப் போன் போட்டு "நம்ம வீட்டுத் தேன் குடுத்து விடுறேன்மா" என்று சொல்லியும்விட்டார். மருந்து அடித்ததாயிற்றே என்றால், "மருந்து கீழதான் போச்சு, சுத்தமான தேன் கெடாதுடி" என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு கரண்டி ஊற்றி அவர் கையில் கொடுத்து, "பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கிறதை முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றேன். வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார், கரண்டி சாய்ந்து தேன் மணிக்கட்டில் வழிந்தது. நேரே போய்க் கொல்லையில் குழி வெட்டி, பாட்டிலையும் அடையையும் சேர்த்துப் போட்டு மூடினார். பிறகு குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் கழுவினார். "என் பிள்ளைக்கு என் கையாலயே குடுத்திருப்பேனே ஐரின்" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். இந்த வாரம் அவர் போனுக்கு வராதது கோபத்தினால் இல்லை. உன் குரலைக் கேட்க அவருக்கு முகம் இல்லை. சோறும் இறங்கவில்லை, பிசைகிற கையையே பார்த்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். பலகையை எரித்தாயிற்று, சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று, ஆனாலும் எனக்கு அந்த அறை வேண்டாம், முன்னறையில் உனக்குக் கட்டில் போடுகிறேன்.

வெயிலில் அலையாதே. மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஆரோக்கிய மாதா உங்கள் மூவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும். அடுத்த தரம் நீ கூப்பிடும்போது போனை அவர் கையில் திணித்துவிடுவேன். தேனைப் பற்றி வாய் திறக்காதே. "சாப்டீங்களாப்பா" என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
ஐரின் ஞானதாஸ்