புலிக்குத்தப்பன் இடம் மாறினார்

வெயிலுக்குக் குடை பிடிக்காமல் நாய்க்குப் பயந்து குடை தூக்கிய என் நங்கையாவுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனாலும் கேட்காமல் எழுதத் தொடங்கக் கை வரவில்லை. இங்கே போத்தனூரில் எல்லாரும் சுகம். என்னைக் கட்டிய உங்கள் தம்பி வழக்கம்போலக் காபியில் சர்க்கரை போதவில்லை என்கிறார். டாக்டர் சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் செல்போன் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். "அக்காவே போயிட்டா. அதுல ஆருகூடப் பேசப் போறே?" என்று உங்கள் தம்பி கேட்டார். என்ன சொல்வது? யாராவது கூப்பிட்டால், நம்பர் உபயோகத்தில் இல்லை என்று எவளோ ஒருத்தி சொல்வதை என்னால் தாங்க முடியாது.

போன வாரம் அது அடித்தது. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து மரகதம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே, ரோட்டோரத்தில் பாதி புதைந்து நிற்கிற நடுகல் சாமி, நம் புலிக்குத்தப்பனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறாரே, அவரேதான். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீங்களும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாராவது வந்து பெயிண்ட் அடித்துவிடுவார்கள் என்பீர்கள்.

"அம்மணிங்களா? ரோட்ட அகலம் பண்றாங்களாமுங்க. நம்ம சாமி குறுக்கால நிக்குதுங்கறாங்க. நீங்க ஒருக்கா வந்துட்டுப் போனாத் தேவலைங்க" என்றார் ஒரே மூச்சில்.

நீங்கள் இல்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம், "அப்ப நீங்களாச்சும் வாங்க கண்ணு" என்றார்.

நான் என்னத்தைக் கண்டேன், சொல்லுங்கள்? கல்லைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள். ரயில்வே கவுண்டரில் காலம் முழுக்க ஊராருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆன கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, "ரயிலு போகாத ஊருக்கெல்லாம் போகோணும். வர்றியா அம்மணி?" என்று கேட்டீர்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போனார்கள். நாம் டவுன் பஸ் ஏறி, கண்டக்டரே சந்தேகமாகப் பார்க்கிற நிறுத்தங்களில் இறங்கினோம். மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புக்குள் கூரையில்லாத கல்மண்டபம் ஒன்று. இன்னோர் ஊரில், தலைச்சுமையை இறக்கி வைக்க யாரோ எந்தக் காலத்திலோ நட்ட சுமைதாங்கிக் கல். உங்கள் வேலை பார்ப்பது. என் வேலை தக்காளிச் சோற்று டப்பாவைச் சுமப்பதும், உங்களுக்கு முன்னால் நடந்து நாய்களை விரட்டுவதும்.

அந்த எருமைக் கல்லை மறந்துவிட்டீர்களா? காட்டோரம் தனியாக நின்ற கல்லைப் பார்த்து உருகிப்போய், தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூ வைத்து, என்னையும் கும்பிட வைத்தீர்கள். தோட்டக்காரர் வந்து, "ஏனுங்க, அது எருமை முதுகு சொறியறதுக்கு எங்கப்பன் நட்டதுங்க" என்றார். நீங்கள் கொஞ்சம்கூட அசரவில்லை. "எருமைக்காகக் கல்லு நட்ட மனுசனையுந்தான் கும்புடோணும்" என்றீர்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை நான் சிரித்தேன். நீங்கள் முறைத்துக்கொண்டே வந்தீர்கள்.

ஆனால் புலிக்குத்தப்பனிடம் மட்டும் உங்களுக்கு விளையாட்டுக் கிடையாது. பட்டிக்குள் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனாம். கல்லில் இருப்பது பின்னங்காலில் எழுந்து நிற்கிற புலி, அதன் வாய்க்குள் ஈட்டியைச் செருகுகிறவன். இடுப்புக்குக் கீழே இருவரும் மண்ணுக்குள். போகும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "இவன் தனியாவா போயிருப்பான் அம்மணி? கூட ஆருமே போயிருக்க மாட்டாங்களா?" கல்யாணமே வேண்டாமென்று மாடி அறையில் ஒற்றையாளாகச் சமைத்துச் சாப்பிட்டவர் கேட்கிற கேள்வி அது. நான் டப்பாவைத் திறந்து நீட்டுவேன்.

போனேன், நங்கையா. உங்கள் ஒயர் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். மண் தோண்டும் வண்டி வந்து நின்றிருந்தது. அதை ஓட்டுகிற தம்பி நல்ல மாதிரி. "நான் சாமிய ஒடைக்கற ஆளு இல்லீங்க. சொன்னீங்கன்னா அந்த வேப்பமரத்தடிக்குத் தூக்கி வெச்சுப்போடறேன். இன்னைக்கு உட்டீங்கன்னா, நாளைக்கு வேற ஆளு வருவான். அவன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

சாமியை அசைப்பதென்றால் பூக் கேட்காமல் ஆகுமா? வெள்ளை அரளியும் செவ்வரளியும் ஒரே மாதிரி இலைப் பொட்டலமாக மடித்துக் கல்லின் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்து, "உள்ளூர்க்காரங்க எடுத்தா அப்பறம் பேச்சு வருமுங்க. நீங்க எடுங்க" என்றுவிட்டார். அவரே கல்லைப் பார்த்துக் குரலை உயர்த்திக் கேட்டார்: "சாமி, உன்ன இங்கிருந்து எடுத்துப்போடலாமா?"

பிரித்தேன். சிவப்பு.

வண்டிக்காரத் தம்பி தலையைச் சொறிந்தான். உங்கள் கல் நாளைக்கு ஜல்லியோடு ஜல்லியாகிவிடும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இப்படி என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டீர்களே என்று.

மரகதம்தான் முன்னால் வந்தார். "கேட்டது தப்புங்க. எடுத்துப்போடலாமான்னு கேட்டா எந்தச் சாமி சரீங்கும்? குப்பையவா எடுத்துப் போடறோம்?"

"ஒருக்கா கேட்டது கேட்டதுதான் மரகதம்" என்றார் பெரியவர்.

"அதே கேள்விய மறுக்காக் கேட்டாத்தானுங்க குத்தம். அந்தம்மணி எப்பிடிக் கேப்பாங்கன்னு இவங்களுக்குத் தெரியும். இவங்க கேக்கட்டும்."

எனக்குத் தெரியுந்தான். எந்தக் கல்லையும் நீங்கள் கேட்காமல் தொட்டதில்லை. டிக்கெட் கவுண்டரில் பேசுகிற அதே மரியாதையோடு, "கொஞ்சம் தண்ணி ஊத்திக் கழுவிக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்பீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். அன்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டலங்களை மாற்றிப் போட்டார்கள். நான் குனிந்து, உங்கள் குரலை நினைத்துக்கொண்டு கேட்டேன். "இங்க வண்டி வாசி ஜாஸ்தியாகப் போகுதுங்க. அந்த வேப்பமரத்தடியில நெழலா இருக்குது. எங்ககூட அங்க வர்றீங்களா?"

வெள்ளை வந்தது. மறுபடியும் சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

கடப்பாரையால் சுற்றிலும் மண்ணை இளக்கி, சாக்கும் பழைய சேலையும் சுற்றி, மெதுவாகத் தூக்கினார்கள். மரகதம் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். அதுவரை யாருமே பார்க்காத அடிப்பாகம் தெரிந்தது. அவன் கால்கள், புலியின் பின்னங்கால்கள். அந்தப் புலியின் காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, ஒரு நாய்.

ஆமாம் நங்கையா, நாய்தான். நீங்கள் இத்தனை வருடம் குடையை நீட்டி நீட்டி விரட்டச் சொன்ன அதே ஜாதி. வால்கூட அழகாகச் செதுக்கியிருக்கிறது.

"தனியாப் போகலீங்க நங்கையா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்னதும் உட்கார்ந்து அழுதேன். மரகதம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

இம்முறை புதைக்கவில்லை. அடியில் மேடை கட்டி, நாய் முழுசாகத் தெரிகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்குப் பொட்டு வைத்த விரலாலேயே மரகதம் நாய்க்கும் வைத்தார்.

உங்கள் போனை அணைக்க மாட்டேன். எந்த ஊரிலிருந்து எந்தக் கல்லுக்காகக் கூப்பிட்டாலும், எடுத்து, பஸ் ஏறிப் போவேன். போய் மரியாதையாகக் கேட்பேன். தக்காளிச் சோறும் எப்போதும்போல இரண்டு பேருக்குத்தான் கட்டுவேன். உங்கள் பங்கை வழியில் வருகிற நாய்க்குப் போட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
இன்னமும் உங்களுக்கு முன்னால் நடந்துபோகிற
சரோஜா