எண்ணெய் சுடாத கை

ஸ்ரீரங்கம்
20.1.2025

அன்பு மருமகள் டாக்டர் கலைமதிக்கு, தாய்மாமன் ரெங்கராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் அத்தை ஆனந்தவள்ளி, கடை அடுப்பு மூவரும் சுகம். டெல்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? போனில் பேசலாம்தான். பாதிப் பேச்சில் உன் அத்தை பிடுங்கிக்கொள்வதால் எனக்குக் கடிதமே சௌகரியம்.

நீ பேராசிரியர் ஆன செய்தி கேட்டு மலைக்கோட்டையே ஆடிப்போய்விட்டது. மலைவாசலில் நம் பலகாரக் கடை முன்னால் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தேன். (உன் அத்தை எட்டடி என்பாள். அவளுக்கு அளவு தெரியாது.) ‘உலகத் தோல் மருத்துவ மேதை’ என்று போட்டிருக்கிறது. கீழே என் படம் உன் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அச்சகத்துக்காரன் தப்பு. எதிர் ஜவுளிக்கடை முகம்மது கனி பாய் எல்லார் முன்னாலும், “ரெங்கு, பாப்பா எந்தத் தோல் வியாதிய ஆராயுது?” என்று கேட்டுவிட்டார். சினிமாக்காரர்கள் முகத்தைப் பளபளப்பாக்கும் ஆராய்ச்சி என்று சொல்லிவைத்தேன். நிஜப் பெயரை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல முடியுமா, நீயே சொல்.

புகழ் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பாய் மகன் ஹாலித் என்னைப் படம்பிடித்து யூடியூபில் போட்டுவிட்டான். கொதிக்கிற எண்ணெயிலிருந்து வெறுங்கையால் வடையை எடுக்கிறேன். முப்பது லட்சம் பேர் பார்த்தார்களாம். ஒன்றரை வருஷமாக இந்த யோக சித்தி வாய்த்திருக்கிறது. சூடு என்று ஒன்று இருப்பதே அந்தக் கைக்குத் தெரிவதில்லை. அக்னி பகவான் என் வலது கைக்கு விலக்கு கொடுத்துவிட்டார். நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், ஆக மொத்தம் பதினாறு வகுப்பு. எனக்கே விளங்கவில்லை. உன் படிப்பில் இதற்கு விளக்கம் உண்டா? ஹாலித் அனுப்புவான், பார்.

ஏகாதசிக்கு வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வருஷம் ஏமாற்றிவிட்டாய். பெருமாள் பொறுப்பார். நான் மாட்டேன்.

உன் மாமா
ப. ரெங்கராஜ்


புது டெல்லி
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். ஆய்வகத்தில் பையன்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

சினிமாக்காரர்கள் முகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது மாமா. ஒரு பருப்பளவு தோலை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்துத் தருவார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பதினெட்டு வருஷமாக என் வேலை. தொழுநோய்க் கிருமி தோலுக்குள் இருக்கும் நரம்பைத் தேடிப் போய் எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் நான் எழுதிய கட்டுரைகள் எல்லாமே. அந்த நோய் நாட்டைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மாணவர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தேன். உங்கள் முழங்கைக்குக் கீழே வெளுத்த படை ஒன்று தெரிகிறது. அந்த இடத்தில் வியர்க்கிறதா? சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கினாற்போல் இருக்கின்றனவே, நிமிர்த்த முடிகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? உங்கள் கையெழுத்தும் வரிக்கு வரி கீழே சரிகிறது, முன்பெல்லாம் அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அத்தை பஞ்சால் கையைத் தொடட்டும். தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள். உள்ளபடி எனக்கு எழுதுங்கள்.

அதுவரைக்கும் எண்ணெயில் கை வைக்க வேண்டாம், மாமா.

அன்புடன்
கலைமதி


ஸ்ரீரங்கம்
12.2.2025

அன்பு மருமகளுக்கு,

உன் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்து, “தொட்ட, தொட்ட” என்று ஒன்பது முறை சொன்னேன். கண்ணைத் திறந்தால் உன் அத்தை முகம் ஒரு தினுசாக இருக்கிறது. “நாலு தடவதாங்க தொட்டேன்” என்கிறாள். பார்த்தாயா, கேட்டதற்கு மேலேயே ஐந்து சொல்லியிருக்கிறேன்! இந்தக் கூர்மை யாருக்கு வரும்?

படையில் வியர்ப்பதில்லை. அடுப்படியில் நிற்பவனுக்கு அது நல்லதுதானே. விரல் மடங்கியிருப்பது வடை தட்டித் தட்டி வந்த வாகு. பார்ப்பவர்கள் நாட்டிய முத்திரை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பொத்தானை உன் அத்தை போட்டுவிடுகிறாள், பாசம். கையெழுத்து சரிவது மேசைக்கோளாறு.

எண்ணெயில் கை வைக்காதே என்கிறாய். கையைப் பார்க்கத்தான் கூட்டமே வருகிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் வடை சுடுவதையே நிறுத்திவிட்டார்கள். (ஒருவர்தான். அவரும் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.)

இனிமேல் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம். ஊருக்கு எப்போது வருகிறாய், அதை எழுது.

உன் மாமா
ப. ரெங்கராஜ்


புது டெல்லி
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது தொழுநோய் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். யார் சாபமும் இல்லை, யார் பாவமும் இல்லை. இது கிருமி. நீங்கள் சுட்ட வடையைத் தின்று யாருக்கும் வராது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு இதைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், பெரும்பாலும் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவாது. கடையை மூட வேண்டியதில்லை.

ஆனால் நரம்பு காத்திருக்காது, மாமா. இன்று மடங்கிய விரல் நாளை நிமிரும் என்று என்னால் சொல்ல முடியாது. மிச்ச விரல்களைக் காப்பாற்றலாம். திருச்சியிலேயே தோல் டாக்டரிடம் காட்டிப் பயாப்ஸி செய்துகொள்ளுங்கள். அத்தையையும் சோதிக்க வேண்டும்.

உங்கள் கலை


ஸ்ரீரங்கம்
1.3.2025

டாக்டர் கலைமதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, ஒரு வீடியோவைப் பார்த்து, தாய்மாமனுக்கு இந்தப் பெயரை வைக்கத் தங்களுக்கு மனம் வந்தது. பதினெட்டு வருஷம் அதையே பார்த்தால் பார்க்கிறதெல்லாம் அதுவாகத்தான் தெரியும். இந்தக் கையால் சுட்டதைச் சாப்பிட்டுத்தான் தாங்கள் விடுமுறைக்கு விடுமுறை வளர்ந்தீர்கள்.

இந்த வார்த்தை மலைவாசலில் யார் காதிலாவது விழுந்தால் மறுநாள் என் கடையில் காக்காய்கூட உட்காராது. உப்பிலியபுரத்தில் தங்கள் தாயார், என் அக்கா மயிலம்மாளிடமும் சொல்ல வேண்டாம். இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம். ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டேன்.

இப்படிக்கு
ப. ரெங்கராஜ்
உரிமையாளர், ரெங்கராஜ் பலகாரக் கடை


ஸ்ரீரங்கம்
5.6.2025

அன்பு மருமகள் கலைக்கு,

நடுவில் நீ போட்ட மூன்று கடிதங்களையும் நான் பிரிக்கவில்லை. கல்லாவுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

பதினைந்து நாளைக்கு முன்னால், சாயங்கால வியாபாரம். கருகுகிற வாடை வந்தது. “வடை கருகுது, யாராச்சும் பாருங்கப்பா!” என்று கத்தினேன். எதிரிலிருந்து ஓடிவந்த கனி பாய் என் கையைப் பிடித்துத் தூக்கினார். சட்டி விளிம்பில் கையை ஊன்றி நின்றிருக்கிறேன். கருகியது வடையில்லை.

இதில் நான் ஒன்றும் கூட்டி எழுதவில்லை.

ஆட்டோவில் போகும்போது பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தப் பெயர் உள்பட. ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். “மாத்திர இருக்குன்னு பாப்பா சொல்லுச்சா?” என்றார். இருக்காம் என்றேன். “அப்ப முழுங்கித் தொலய்யா! மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தியே, நான் ஏதோ ஜவுளிக் கடன் கேட்டுருவேன்னு நீ பயப்படறியோன்னு நெனச்சேன்” என்று திட்டினார்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே நின்றேன். உன் அத்தை கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, “லெட்டர நீங்க பிரிக்கலன்னா என்ன? நான் பிரிச்சுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன். உள்ள வாங்க” என்றாள். அவ்வளவுதான். அவளையும் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை.

இங்கே டாக்டர் ஹரிஹரசுதன் என்று ஒருவர் பார்க்கிறார். உன் கட்டுரைகளைப் படித்தவராம். நான் மாமன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். இல்லை, எழவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. தோல் எடுத்த ஸ்லைடில் ஒன்றை உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. கூட்டிச் சொல்வது என் தொழில், உனக்கு அது வேண்டாம்.

அந்த மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் மாமா
ரெங்கராஜ்


புது டெல்லி
28.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்லைடு வந்தது. ‘ஆண், வயது 58’ என்று சீட்டு ஒட்டிய ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆணுக்கு ஒரு கடை உண்டு, பொத்தான் போட்டுவிட ஒரு பெண்டாட்டி உண்டு என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. இதை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் பார்த்தேன்.

நோய் அதுவேதான். டாக்டர் ஹரிஹரசுதன் விரல் விரலாகச் சோதித்து எழுதியதையும் சேர்த்துப் படித்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பழையபடி நிமிர வாய்ப்பு மிகக் குறைவு. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. மாத்திரையை ஒருநாளும் விடாமல் இருந்தால் அவை உங்களோடு இருக்கும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். மனமில்லை என்றால் வேண்டாம். நரம்பு இவ்வளவு தெளிவாக விழுந்த ஸ்லைடு அபூர்வம். அதை வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டலாமா? பெயர் வெளியே வராது. எண் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த மாதம் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

உங்கள் கலை


ஸ்ரீரங்கம்
5.7.2025

அன்பு மருமகளுக்கு,

என் நரம்பு அபூர்வம் என்று எனக்கு முன்பே தெரியும். தாராளமாகக் காட்டு. எண் எதற்கு? ப. ரெங்கராஜ், பலகாரக் கடை, மலைவாசல், திருச்சி என்று பெரிய எழுத்தில் போடு. சட்டப்படி கூடாது என்றால் இந்தக் கார்டைக் காட்டு.

இப்போது உன் அத்தை சுடுகிறாள், நான் கல்லாவில். இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இருபது என்று எழுதப் பேனா துடித்தது. இரண்டுதான்.

உறை ஒட்டாமல் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிப்பார், உங்கள் ஆபீஸ் பியூன் படிப்பார், படிக்கட்டும். எனக்குத் தொழுநோய். மாத்திரை சாப்பிடுகிறேன். இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

ப. ரெங்கராஜ்