அப்பாவின் நெஞ்சு யாருக்கு

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். மில்லில் கரண்ட் இல்லை. மிளகாய் அரைக்க வந்தவர்கள் முணுமுணுப்பு.

பெரம்பலூரிலிருந்து அம்மா போன். தம்பி குமரேசனுக்கு முப்பத்தெட்டு முடிகிறது, நாற்பது நெருங்குகிறதே என்று அவளுக்குப் பயம். அப்பா நாற்பத்தெட்டில் முந்திரிக் கொல்லையில் சாய்ந்தார். பெரியப்பாவும் நெஞ்சுவலியில்தான், பஸ்ஸிலேயே.

"புதன்கெழம அவன டாக்டர்கிட்ட காட்டப் போறோம். நீயும் வந்துடுடி. அவங்க சொல்றது எனக்குப் புரியாது."

அவனுக்கு எண்ணெய் இல்லாத தோசையாம். மஞ்சள் கரு எடுத்த முட்டையாம். எனக்கு நாற்பத்து மூணு. அதே அப்பாதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் சொன்னேன். "மில்லு தூசிடி" என்று முடித்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்
பெரம்பலூர். ஆஸ்பத்திரியில் கூட்டம். அம்மா அவன் பக்கத்தில். என் மடியில் அவள் பை.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. குடும்பத்தில் யார் யாருக்கு, எத்தனை வயதில் என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

"நீங்க யாரு?"

"அக்கா."

"நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

அம்மா குறுக்கே: "அதுக்கு ஒண்ணுமில்லைங்க. பொம்பளப்புள்ள."

டாக்டர் பேனாவை வைத்தார். "அப்பா அந்த வயசுல போயிருந்தா பிள்ளைங்க எல்லாருக்கும் ரிஸ்க் உண்டும்மா. பொண்ணுக்கும் சேத்துதான்."

எனக்கும் ரத்தம், ஈசிஜி. என்னையும் ஒருத்தர் கேட்டாரே என்று ஒரு சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி
ரிசல்ட். குமரேசனுக்கு எல்லாம் சுத்தம். எனக்குக் கொழுப்பு ஏகத்துக்கு. ஈசிஜியிலும் ஏதோ மாற்றம். நடக்கிற மெஷினில் ஏற்றி, பாதியிலேயே இறக்கிவிட்டார்கள்.

"திருச்சிக்கு எழுதித் தரேன். ஆஞ்சியோ பாத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

அம்மா முதலில் சொன்னது: "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல, சாமி காப்பாத்திடுச்சு." பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

அவன் ராத்திரிக்கு ராத்திரி பரோட்டா தின்றவன். போன வருஷம் வரை சிகரெட். நான் மூட்டை தூக்குகிறவள், ரசம் சோற்றுக்காரி. அந்தப் பேப்பர் இரண்டும் மாறியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஒரு கணம் இல்லை. பஸ்ஸில் எங்கள் ஊர் அரியலூர் ஸ்டாண்டு வரும் வரை நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு
தூறல். மில்லைத் தான் பார்த்துக்கொள்வதாக வீட்டுக்காரர். குமரேசன் திருச்சிக்குக் கூட வருகிறானாம். வேண்டாம் என்றேன்.

மகள் யாழினிக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "எனக்கும் இருக்குமாம்மா?" என்றாள். பதினேழு வயசுதான் ஆகிறது. "பாத்துட்டா தெரிஞ்சுடும்" என்றேன். அங்கே தம்பி வீட்டில் இந்தக் கேள்வி இல்லை. வயிறு எரிந்தது.

அம்மா போன். "ஒன்ன கவனிக்காம வுட்டுட்டேன்டி." நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ நாளாக வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்
திருச்சி. அட்மிஷன் ஆயிற்று. குமரேசன் விடியுமுன் பைக்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். வார்டில்தான் வாயைத் திறந்தான்.

"எனக்கு இல்லன்னு சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சுக்கா. ஒடனே ஒனக்குன்னாங்க. அப்பவும் அந்தச் சந்தோஷம் போவல. அதான் ஒன் மூஞ்சியப் பாக்க முடியல."

பஸ்ஸில் நான் நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"போயி சாப்டு. நான்தான் வெறும் வயித்துல இருக்கணும்."

போனான். கேண்டீனில் என்ன தின்பான் என்று தெரியும். அதற்கும் பொறாமை. அவன் திரும்பி வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

ஜூன் 18, புதன்
ஓர் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. வலது மணிக்கட்டில் கட்டு, எழுத்து கோணல். யாழினிக்கு அடுத்த வாரம் டெஸ்ட்.

அம்மா காலையிலேயே வந்துவிட்டாள். கட்டிலை விட்டு நகரவில்லை. குமரேசன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் இலையில் வைக்கப் போனான்.

"மொதல்ல அதுக்கு வையி. நீ அப்புறம் தின்னுக்கலாம்" என்றாள் அம்மா.

அவன் கை அப்படியே நின்றது. ஒரு நொடி அவன் முகம் போன போக்கு. இத்தனை வருஷமும் நான் வைத்திருந்த முகம் அது.