இடது காலுக்கு வேலையில்லாத கார்

2026 ஜனவரி 3, சனி

பர்ஹானின் கராஜில் இன்று இரண்டு மணித்தியாலம் வாய்ச்சண்டை. பர்ஹான் என் சாச்சியின் மகன், தம்பி முறை, என்னைக் காக்கா என்பான்; கல்முனைக்குடியில் இயந்திரம் தெரிந்த மெக்கானிக் என்றால் அவன்தான். கொழும்பில் ஒரே வகைக் கார் இரண்டு விற்பனைக்கு நிற்கிறதாம். இரண்டும் சிவப்பு, இரண்டும் டர்போ. ஒன்று மெனுவல், ஆறு கியர். மற்றது ஓட்டோ கியர். இந்தக் காலத்தில் ஓட்டோதான் வேகம், மனிதனின் கை அந்த வேகத்துக்குக் கியர் மாற்றாது என்கிறான். இருக்கட்டும். பதினெட்டு வருடம் குவைத்தில் பார லொறி ஓட்டியவன் நான். கியர் போடாமல் சும்மா இருந்து போவதென்றால் பஸ்ஸில் போகலாமே.

என் மனைவி றம்ஸியாவுக்கு ஓட்டோ வேண்டும். நான் வெளிநாட்டில் இருந்தபோது லைசன்ஸ் எடுத்திருக்கிறாள். ஓட்டோ மட்டும் ஓட்டலாம் என்ற லைசன்ஸ். அன்றிலிருந்து அது அலுமாரிக்குள் கிடக்கிறது. வாய்விட்டுக் கேட்கவில்லை. சோறு போடும்போது மட்டும், மெனுவல் என்றால் தனக்குத் தொட ஏலாதுதானே என்று இரண்டு தரம் சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். கல்யாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். இன்றும் ஒரு கதவுக்குப் பெயின்ற் அடிப்பதென்றாலும் அவளிடம்தான் கேட்கிறேன். காராவது என் விருப்பத்துக்கு இருக்கட்டும். மெனுவல்தான். முடிந்தது.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். பள்ளிவாசலில் எவனோ மாற்றிக்கொண்டு போய்விட்டான் என்று கேற்றடியில் நின்று சத்தம் போட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளை ஆதிலா இடது செருப்பைக் கொண்டுவந்து தந்தாள். எங்கள் ஒழுங்கையில்தான் கிடந்ததாம்.

அப்படியென்றால் பள்ளியிலிருந்து போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். கழன்றது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

ஜனவரி 12, திங்கள்

சீனி வருத்தம் வந்து எட்டு வருடம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நானும் என் பாட்டில் இருந்தேன். இன்று கதவைச் சாத்திவிட்டு ஊசியால் குத்திப் பார்த்தேன். இடது பாதத்தில் ஒன்றுமே இல்லை. ஐந்து விரலும் வேறு யாருடையதோ. வலது காலில் கொஞ்சம் தெரிகிறது. கொஞ்சம் தெரிந்தால் போதும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளையே என்னை நோயாளியாக்கி மூலையில் இருத்திவிடுவார்கள்.

ஜனவரி 17, சனி

கொழும்பு. மெனுவல் காரை முதலில் ஓட்டிப் பார்த்தேன். என்ன கார்! மூன்றாவது கியரில் அது எடுத்த எடுப்பில் எனக்கு இருபத்தைந்து வயது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது கால் கிளச்சில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு தரம் எஞ்சின் நின்றது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். விற்கிறவன் சிரித்தான். பர்ஹான் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓட்டோவை எடுப்போம் என்றேன். பர்ஹான் மறுபேச்சுப் பேசாமல் அந்தக் காரைக் கீழேயும் மேலேயும் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றான். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

கேற்றைத் திறந்த றம்ஸியா கியர்க் கம்பியை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்காகவா ஓட்டோ எடுத்தீங்க?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வட்டிலப்பம் அவிக்கத் தொடங்கிவிட்டாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

நன்றாகத்தான் ஓட்டுகிறாள். காரைத் திருப்பி நிறுத்துவதில் என்னையும் விடக் கெட்டிக்காரி. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் — அவருக்கு மெனுவல்தான் ஆசை, எனக்காக விட்டுக்கொடுத்தார் என்று. பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நல்ல சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பெப்ரவரி 14, சனி

விறாந்தையில் இரத்தப் புள்ளிகள். பூனையைத் தேடினேன். என் வலது குதிக்காலில் ஒரு கண்ணாடித் துண்டு.

பெப்ரவரி 15, ஞாயிறு

வலது காலையும் குத்திப் பார்த்தேன். நாளைக்கு இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. கிளினிக்கில் டொக்டர், உங்களுக்கு நோன்பு கூடாது, பிடிப்பதென்றால் மாத்திரையை மாற்ற வேண்டும், மயக்கமோ தடுமாற்றமோ வந்தால் உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள் என்றார். கால் எப்படி என்றும் கேட்டார். கால் நல்லம் என்றேன். வெளியே வந்து, காரில் ஏறி, வலது கால் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். பார்த்து ஓட்டினால் சரி. பழகிவிடும்.

மார்ச் 2, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

நேற்று நிந்தவூரில் என் தங்கச்சி முஸ்பிறா வீட்டில் நோன்பு திறக்க அழைப்பு. புறப்படப் பிந்திவிட்டது. நான் ஓட்டட்டுமா என்று றம்ஸியா கேட்டாள். உன் ஓட்டத்துக்குப் போனால் வழியில்தான் பேரீச்சம்பழம் தின்ன வேண்டும் என்று பகிடி பண்ணினேன். எனக்குக் கை நடுக்கம், கண்ணில் மெல்லிய இருட்டு. நோன்புக் களைப்பு, எல்லோருக்கும் இருப்பதுதான் என்று நினைத்தேன். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது காரைதீவுச் சந்தி. முன்னால் வாகனங்கள் நின்றன. பிரேக்கை மிதித்தேன். கார் பாய்ந்தது. இன்னும் மிதித்தேன். இன்னும் பாய்ந்தது. நான் மிதித்தது பிரேக்கை இல்லை, அல்லாஹ்வே, அது எனக்குத் தெரியல்ல, கால் ஒண்டும் சொல்லல்ல —

ஓரமாகச் சைக்கிளில் வந்த மனிதரை அடித்து, மதிலில் போய் நின்றோம். கேதீஸ்வரன் மாஸ்டர். காரைதீவில் கணக்குப் படிப்பிக்கிறவர். கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். சனம் கூடியது. முஸ்லிம் ஊர்க் கார், தமிழ் மாஸ்டர், எரிச்சல் மூட்டுகிற சிவப்பு நிறம். இது எங்கே போய் முடியுமோ என்று பயந்தேன். ஒருவரும் எங்கள் மேல் கை வைக்கவில்லை. ஒரு கிழவர் றம்ஸியாவுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, நோன்பைத் திறக்கச் சொன்னார்.

பொலிசில் சொன்னேன்: கியர்பொக்ஸ் பிழை, ஓட்டோ கார் தானாகப் பாய்ந்தது.

மார்ச் 6, வெள்ளி

றம்ஸியா சாப்பாடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நோன்போடு, பஸ்ஸில். நான் போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

வாகனப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. காரில் பிழை இல்லை. அவர்களுக்கு ஓட்டோ கியரைப் பற்றி என்ன தெரியும் என்று றம்ஸியாவிடம் சொன்னேன். நம்பினாள். ஊரும் என்னைத்தான் நம்புகிறது; பர்ஹான் பிழையான காரைச் சரியென்று எடுத்துக் கொடுத்தான் என்று கதை. அவன் கராஜ் வாசலில் இன்று ஒரு வாகனம்கூட இல்லை. பின்னேரம் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காக்கா, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. நீங்களாச் சொல்லுங்க."

எதைச் சொல்ல என்று கேட்டேன். என் காலைப் பார்த்தான், போய்விட்டான். கோபம் வந்தது. பிறகு எதற்குக் கோபம் என்று யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

பொலிசில் இருந்து கார் வந்தது. முன் பக்கம் நசுங்கியிருக்கிறது, ஓடும். றம்ஸியா கிட்டவும் போகவில்லை. பேய் பிடித்த மாட்டைப் பார்ப்பதுபோல் தூர நின்று பார்த்தாள்.

வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். எப்போது வந்ததென்று தெரியாது. ஓரம் கறுப்பு.

மார்ச் 23, திங்கள்

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். மாஸ்டரை வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். இன்றாவது போவோம் என்று றம்ஸியாவுடன் காரைதீவுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சுணங்கிவிட்டேன். அவள் உள்ளே மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"சேர், பிழ என்னிலதான். அவருக்கு மெனுவல்தான் விருப்பம். எனக்கு ஓட்டணும் எண்டு ஆசப்பட்டன், எனக்காக ஓட்டோ எடுத்தாரு. நான் ஆசப்படாட்டி உங்கட காலு இப்படி ஆகியிருக்காது."

கார் செய்த பிழைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார் மாஸ்டர். நான் உள்ளே போய், வணக்கம் சொல்லவும் மறந்து, அவர் காலில் போட்ட மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எனக்குக் கதிரை போடச் சொன்னார்.

மூன்று கிழமையாக அவள் இதைச் சுமந்திருக்கிறாள். நான் என்ன மனிதன்?

மார்ச் 25, புதன்

காலையில் சொன்னேன். மாஸ்டருக்குப் பிளாஸ்கில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காருல பிழ இல்ல புள்ள. என்ட காலுதான். ரெண்டு காலும் விறைச்சிப் போச்சி."

பிளாஸ்க்கை மூடிவிட்டு, காலைக் காட்டச் சொன்னாள். கீழே உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கிப் புண்ணைப் பார்த்தாள். விரலால் அமர்த்திப் பார்த்தாள். அவள் அமர்த்துவது எனக்குத் தெரியவில்லை என்பதை முகத்திலேயே கண்டுகொண்டாள். பொலிசுக்குப் போய் மாற்றி எழுதிக் கொடுக்கப் போகிறேன், மாஸ்டரிடமும் பர்ஹானிடமும் நானே சொல்வேன் என்றேன். முதலில் கிளினிக் என்றாள்.

"காருல பிழ இல்லதானே?" என்று இன்னொரு தரம் கேட்டாள். இல்லை என்றதும் கார்த் திறப்பை எடுத்தாள்.

நிதானமாக ஓட்டினாள். ஆஸ்பத்திரி மதிலோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப, எனக்காக எடுக்கல்லயா?"

"இல்ல" என்றேன்.

திறப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். பிறகு இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"சரி. இறங்குங்க, கிளினிக் நம்பர் போயிரும்."